கொசுப் படை மறுபடி வருமா? பயணிகள் படகு மசோதா (எச்.பி. 1923) பற்றிப் பேசுவோம்

#1 பிரெமர்டன்வாசி | 2025 பிப்ரவரி 18, காலை 7.40

காலைப் படகில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். இப்போதுதான் வழியில் உள்ள குறுகலான நீர்ப்பாதையான ரிச் பாசேஜுக்குள் நுழைந்தோம். எதிர் இருக்கையில் ஒரு நர்ஸ் காலணியைக் கழற்றிவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர் தச்சுவேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் 118 இருக்கை. சியாட்டில் போய்ச் சேர அரை மணி நேரம் கூட ஆகாது. இதே தூரத்தைக் கார் ஃபெர்ரி கடக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த வழியிலும் 2021 இலையுதிர் காலத்திலிருந்து இரண்டுக்குப் பதில் ஒரே கப்பல்தான் ஓடுகிறது.

விஷயம் இதுதான். பெயின்பிரிட்ஜ் தீவைச் சேர்ந்த பிரதிநிதி கிரெக் நான்ஸ், வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றத்தில் எச்.பி. 1923 என்ற மசோதாவைக் கொண்டுவந்திருக்கிறார். 'மஸ்கிட்டோ ஃப்ளீட் சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்களை மட்டும் ஏற்றும் படகுகளை யார் நடத்தலாம், அதற்கு எங்கிருந்து பணம் திரட்டலாம் என்ற விதிகளை இது மாற்றப் பார்க்கிறது.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நூறு வருடத்துக்கு முன் நம் பியூஜெட் சவுண்ட் வளைகுடா முழுக்கச் சின்னச் சின்ன நீராவிப் படகுகள் ஓடின. ஒவ்வொரு ஊர் ஜெட்டியிலும் நின்று ஆளையும் பாலையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு போகும். கொசு மாதிரி மொய்த்ததால் 'கொசுப் படை' என்று பெயர். அப்புறம் சாலையும் காரும் வந்தன, படகுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1951-ல் மாநில அரசு தனியாரிடமிருந்து ஃபெர்ரிகளை எடுத்துக்கொண்டபோது அது கார் ஃபெர்ரி அமைப்பாகிவிட்டது. அந்தப் பழைய படையில் 1917-ல் கட்டிய கார்லைல் 2 இன்றும் போர்ட் ஆர்ச்சர்டுக்கும் பிரெமர்டனுக்கும் நடுவே ஆள் ஏற்றுகிறது. நேரம் கிடைத்தால் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

2003-ல் சட்டமன்றம் ஒரு வழி திறந்தது. உள்ளூர் போக்குவரத்து அமைப்புகள் மக்களிடம் வாக்கு வாங்கி, வரி போட்டு, பயணிகள் படகு விடலாம் என்றது. பிரெமர்டன் இருக்கும் கிட்சாப் கவுன்டி மக்கள் அதே ஆண்டு வேண்டாம் என்றார்கள். 2007-லும் வேண்டாம் என்றார்கள். 2016 நவம்பரில்தான் 0.3 சதவீத விற்பனை வரிக்குச் சம்மதித்தார்கள். 2017 ஜூலை 10 அன்று முதல் வேகப் படகு கிளம்பியது. அனுமதி கிடைத்ததிலிருந்து படகு வர 14 வருடம்.

அதனால்தான் கேட்கிறேன். புதிய சட்டமும் "நடத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பணத்தை ஊர்மக்கள் தலையில் கட்டிவிட்டால், இன்னொரு 14 வருடம் காத்திருக்க வேண்டுமா?

#2 டகோமா குமரன் | பிப்ரவரி 18, காலை 9.05

நண்பரே, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் வரியை நினைத்தால் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் விற்பனை வரி ஏற்கனவே பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்த மாநிலத்தில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் எந்தத் திட்டம் வந்தாலும் விற்பனை வரியில்தான் கைவைக்கிறார்கள். குழந்தைக்குச் செருப்பு வாங்குகிறவரும் கட்ட வேண்டும், லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறவரும் அதே விகிதம் கட்ட வேண்டும்.

கிட்சாப் கவுன்டியில் தண்ணீரையே பார்க்காத உள்பகுதிகளில் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். சியாட்டில் ஆபீசுக்குப் போகிறவர் சீக்கிரம் போய்ச் சேர அவர்கள் ஏன் காசு தர வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகாதீர்கள்.

#3 வாஷன் வள்ளி | பிப்ரவரி 18, காலை 10.30

குமரன் தம்பி, ஆபீஸ்காரர்கள் மட்டும்தான் ஏறுகிறார்கள் என்று யார் சொன்னது? எங்கள் வாஷன் தீவுக்குப் பாலம் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். வாட்டர் டாக்ஸி என்கிற பயணிகள் படகில் ஏறினால் 22 நிமிடத்தில் சியாட்டில் பியர் 50 படகுத்துறை. என்னோடு வழக்கமாக வருகிறவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் சமையல் வேலை செய்கிறவர், ஒரு வயதான தம்பதி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அந்தத் தாத்தா கார் ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது.

எங்கள் படகின் பெயர் சாலி ஃபாக்ஸ். இந்தச் சேவை நின்றுவிடக் கூடாது என்று விடாமல் போராடிய தீவுவாசி அவர். முன்பு இந்தச் சேவையை மாநிலம் நடத்தியது. அதைக் கைவிட முடிவு செய்தபோது, 2006-ல் சட்டமன்றம் வேறு ஏற்பாட்டுக்கு வழி செய்தது. சியாட்டிலும் எங்கள் தீவும் சேர்ந்த கிங் கவுன்டி ஒரு ஃபெர்ரி மாவட்டம் அமைத்து 2009-ல் பொறுப்பெடுத்துக்கொண்டது. இங்கே படகுக்குப் போடுவது விற்பனை வரி இல்லை, சொத்து வரி. ஆக, எந்த வரி என்பதும் சட்டம் எழுதுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

ரொம்ப நாளாகக் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் சட்டமன்றம் பணம் ஒதுக்கிய பிறகு நண்பகலிலும் ஓடுகிறது. அந்தத் தம்பதி இப்போது பதினொரு மணிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

#4 பழைய கணக்கு | பிப்ரவரி 18, மதியம் 12.15

1998-ல் நான் இந்த ஊருக்கு வந்த புதிது. அப்போது நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

அந்த வருடம் மாநிலமே பிரெமர்டனுக்கு 'சினூக்' என்ற வேகப் படகை விட்டது. 350 பேர் வரை ஏறலாம். மறு வருடம் 'ஸ்னோஹோமிஷ்' வந்தது. கூட்டம் அலைமோதியது. அப்புறம் இரண்டு அடி விழுந்தது.

முதல் அடி, ரிச் பாசேஜ் கரையோர வீட்டுக்காரர்கள். படகு எழுப்பும் அலை எங்கள் கரையை அரிக்கிறது என்று 1999-ல் வழக்குப் போட்டார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2000-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கினாலும் பிரச்சினை தீரவில்லை. கடைசியில் மாநிலம் பணம் கொடுத்துத்தான் வழக்கை முடித்தது. வேகப் படகு மெதுவாகப் போனால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

இரண்டாவது அடி இன்னும் பெரியது. 1999 நவம்பரில் ஐ-695 என்ற பொது வாக்கெடுப்பு. கார் பதிவுக் கட்டணம் 30 டாலருக்கு மேல் கூடாது என்று மக்கள் வாக்களித்தார்கள். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் சட்டமன்றமே 30 டாலர் கட்டணத்தைச் சட்டமாக்கிவிட்டது. ஃபெர்ரிகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் ஒரே நாளில் வற்றியது. 2003 செப்டம்பரில் பிரெமர்டன் வேகப் படகு நின்றது.

அந்த இரண்டு படகுகளும் இப்போது எங்கே தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவில். கோல்டன் கேட் ஃபெர்ரி வாங்கிக்கொண்டது. நம் வரிப்பணத்தில் கட்டிய படகில் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். 'ஸ்காஜிட்' என்ற இன்னொரு பயணிகள் படகு தான்சானியாவுக்குப் போய், 2012 ஜூலையில் சான்சிபார் அருகே கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனையோ முறை அதில் நின்றுகொண்டு போயிருக்கிறேன்.

குமரன், நீங்கள் கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்தப் படகுகள் ஆள் இல்லாமல் நிற்கவில்லை. இதற்கென்று பூட்டி வைத்த பணம் இல்லாததால் நின்றன.

#5 தூத்துக்குடி மாலுமி | பிப்ரவரி 18, மாலை 6.50

இருபது வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம். இப்போது கரையில் இருந்தபடி கப்பல் பராமரிப்பு வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆள் எங்கே? ஒவ்வொரு படகுக்கும் குறைந்தபட்சம் இத்தனை பேர், இன்ன தகுதியோடு இருக்க வேண்டும் என்று கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல்படை, எழுதிக் கொடுத்திருக்கிறது. அதில் ஒருவர் குறைந்தால் கயிற்றை அவிழ்க்க முடியாது. கப்பலில் எரிபொருள் இருக்கும், பயணிகள் வரிசையில் நிற்பார்கள், கேப்டன் தயாராக இருப்பார். கயிறு பிடிக்கிற ஒரு டெக்ஹேண்ட் (கப்பல் தள ஊழியர்) காய்ச்சலில் படுத்தால் அந்த நடை ரத்து. கடந்த சில வருடங்களில் கார் ஃபெர்ரிகள் பட்ட பாட்டில் இதுவும் ஒன்று, கப்பல்கள் வயசானது இன்னொன்று.

சின்னப் படகில் ஒரு வசதி. கார் ஃபெர்ரிக்குப் பத்துக்கு மேல் ஆள் வேண்டும், வேகப் படகுக்கு மூன்று நான்கு பேர் போதும். ஆனால் கேப்டன் லைசென்ஸ் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. கடலில் இத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும், தேர்வு எழுத வேண்டும். ஆறு ஊரில் ஆறு அமைப்பு புதிதாகப் படகு விட்டால், இருக்கிற கொஞ்சம் கேப்டன்களை ஒருவரிடமிருந்து ஒருவர் இழுத்துக்கொள்வார்கள். கார் ஃபெர்ரி இன்னும் மோசமாகும். சட்டத்தில் பயிற்சிக்குப் பணம் இல்லையென்றால் நான் ஆதரிக்க மாட்டேன்.

#6 செந்தில்_ரெட்மண்ட் | பிப்ரவரி 18, இரவு 8.10

ஒரு சந்தேகம். கொச்சி வாட்டர் மெட்ரோவில் 2023-லிருந்து மின்சாரப் படகு ஓடுகிறதே, நூறு பேர் ஏறலாம், கொச்சின் ஷிப்யார்டே கட்டுகிறது. போன லீவில் அம்மா அப்பாவோடு போய் வந்தேன், சத்தமே இல்லை. அதில் பத்து வாங்கிப் போட்டால் செலவு மிச்சமாகுமே?

#7 தூத்துக்குடி மாலுமி | பிப்ரவரி 18, இரவு 8.25

எனக்கும் ஆசைதான் தம்பி. ஆனால் முடியாது. 1886-லிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் பயணிகளை ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாக இருக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றம் இதை மாற்ற முடியாது. வரைபடத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கலாம். பிரெமர்டனில் ஓடும் 'ரிச் பாசேஜ் 1' அப்படித்தான் வந்தது. வடிவமைத்தது நியூசிலாந்து நிறுவனம், கட்டியது பெல்லிங்ஹாமில் உள்ள பட்டறை.

#8 கரையோரம் | பிப்ரவரி 18, இரவு 9.40

அந்தப் படகைப் பற்றி நான் சொல்கிறேன். ரிச் பாசேஜ் ஓரத்தில் பத்து வருடமாகக் குடியிருக்கிறேன். வாங்கும்போதே அலை வழக்குக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். அதனால் 2017-ல் படகு வந்த முதல் வாரம் தினமும் கரையில் போய் நின்றேன்.

அது கேட்டமரன். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். இரண்டு உடல், நடுவே தண்ணீருக்கு அடியில் இறக்கை மாதிரி ஒரு தகடு. வேகம் எடுத்ததும் அந்தத் தகடு படகைத் தூக்கிக் கொடுக்கும். தண்ணீரில் அழுந்தும் பாகம் குறைவதால் அலையும் குறைகிறது. அதனால்தான் இந்தக் குறுகலான இடத்தில் வேகத்தைக் குறைக்காமலே போகிறது. மெதுவாகப் போனால்தான் அலை பெரிதாகும்! நான் பார்த்தது: படகு போய்ச் சற்று நேரம் கழித்துக் கணுக்கால் நனைகிற மாதிரி ஒரு நெளிவு வந்தது. கூழாங்கல் கொஞ்சம் கரகரவென்று உருண்டது. அவ்வளவுதான். காற்று அடிக்கிற நாளில் வருவது இதைவிடப் பெரிது.

ஆனால் இந்தப் படகு சும்மா வந்துவிடவில்லை. பல வருடம் கரையை அளந்து அளந்து ஆராய்ச்சி செய்த பிறகுதான் வந்தது. புதிய சட்டத்தால் மற்ற ஊர்களும் படகு விட ஆரம்பித்தால், கரையை முதலில் அளக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்குங்கள். கிடைக்கிற பழைய படகை வாங்கி ஓட்டினால் 1999 திரும்ப வரும்.

#9 கவிதா_ஒலிம்பியா | பிப்ரவரி 19, காலை 8.20

ஓர்கா திமிங்கிலங்களை யாரும் நினைக்கவில்லையா? இங்கேயே வாழும் தெற்குக் கூட்டத்தில் எழுபத்துச் சொச்சம்தான் மிச்சம். எதிரொலியை வைத்துத்தான் மீன் பிடிக்கும். படகுச் சத்தம் அதற்குக் கண்ணைக் கட்டின மாதிரி. இந்த ஜனவரியிலிருந்து படகுகள் பொதுவாக அவற்றிடமிருந்து ஆயிரம் கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் அதைச் செய்துவிட்டு, மறுபக்கம் நாற்பது வேகப் படகை இறக்கினால் எப்படி?

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மின்சாரப் படகுக்கு முன்னுரிமை என்று மசோதாவில் ஒரு வரி வேண்டும். பணமும் இருக்கிறது. புகை விடும் நிறுவனங்கள் அதற்கான அனுமதியை ஏலத்தில் வாங்க வேண்டும் என்ற கார்பன் ஏலச் சட்டத்தை ரத்து செய்யச் சொன்ன ஐ-2117-ஐப் போன நவம்பரில் மக்கள் தோற்கடித்தார்களே, அந்த நிதி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்டால் குமரன் சொல்லும் விற்பனை வரிச் சுமையும் குறையும்.

#10 நெடுந்தீவான் | பிப்ரவரி 19, காலை 11.00

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நெடுந்தீவில். எங்கட ஊரில் எல்லோருக்கும் குமுதினி என்றால் படகுதான். அது ஓடினால் ஊர் ஓடும். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் அரிசி மூட்டையும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த ஆட்களும் அப்படியே காத்துக் கிடப்பார்கள். என் அம்மம்மா படகு நேரத்தை வைத்துத்தான் உலை வைப்பார்.

அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தீவுக்காரருக்கு எத்தனை படகு என்பதைவிட, சொன்ன நேரத்துக்கு வருமா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம். கடைசிப் படகு ஆறு மணிக்கு என்றால் இரவு வேலை பார்க்கிறவருக்கு அந்தச் சேவை இல்லாத மாதிரிதான். ஆறு ஊருக்கு அரைகுறையாக விடுவதைவிட இரண்டு ஊருக்கு முழுதாக விடச் சொல்லுங்கள்.

#11 பே ஏரியா நண்பர் | பிப்ரவரி 19, மதியம் 1.30

பழைய கணக்கு அண்ணா, உங்கள் சினூக் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

இங்கே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நடந்தது உங்களுக்கு உதவலாம். 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் பே பாலத்தின் ஒரு துண்டு இடிந்தது. ஒரு மாதம் பாலம் மூடல். அப்போது படகுகள்தான் ஆட்களைக் கரை சேர்த்தன. அதை மனதில் வைத்து 1999-ல் கலிபோர்னியா சட்டமன்றம் வளைகுடா முழுமைக்கும் ஒரே நீர்ப் போக்குவரத்து ஆணையம் அமைத்தது. 2007-ல் அதையே பேரிடர் பொறுப்பும் சேர்த்துப் புதுப்பித்தார்கள். 2004-ல் மக்கள் வாக்களித்துப் பாலச் சுங்கத்தை ஒரு டாலர் ஏற்றினார்கள், அதில் ஒரு பங்கு படகுக்கு. ஊருக்கு ஊர் தனித்தனியாக வரி போடவில்லை. உங்கள் ஊரும் நிலநடுக்க பூமிதானே?

#12 டகோமா குமரன் | பிப்ரவரி 19, மாலை 5.15

வள்ளி அக்கா, அந்தத் தாத்தா பாட்டி விஷயம் எனக்குத் தெரியாது. நான் நினைத்ததை மாற்றிக்கொள்கிறேன், பாதியளவு. படகு வேண்டும். ஆனால் மாநிலமும் பங்கு போட வேண்டும். உள்ளூர் விற்பனை வரி மட்டும் என்றால் இன்னும் எதிர்ப்புதான். பணக்கார ஊருக்குப் படகு வரும், மற்ற ஊருக்கு அனுமதிக் காகிதம் மட்டும் வரும்.

#13 பிரெமர்டன்வாசி | பிப்ரவரி 19, இரவு 9.50

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்றுக் காலை எனக்கு இருந்தது வெறும் ஆசை, இப்போது கேட்க வேண்டியது என்ன என்று தெரிகிறது. சட்டம் அனுமதியை மட்டும் தரக் கூடாது, மாநிலப் பங்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பணம் வேறு எதற்கும் போகாதபடி தனிக் கணக்கில் இருக்க வேண்டும். குமரனும் பழைய கணக்கு அண்ணாவும் சரியாகச் சொன்னார்கள். பே ஏரியா மாதிரி முழு வளைகுடாவுக்கும் ஒரே ஆணையம் வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் இந்த மசோதாவில் அதைத் திணித்தால் மசோதாவே கவிழ்ந்துவிடும். மாலுமி அண்ணன் கேட்ட பயிற்சிப் பணத்தை விடவே கூடாது.

இன்னொன்று. பயணிகள் படகு வந்துவிட்டதே என்று கார் ஃபெர்ரியை அப்படியே ஒற்றைக் கப்பலில் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. சக்கர நாற்காலி வேனோடு வருகிறவர், சரக்கு கொண்டுவருகிறவர் எல்லாம் வேகப் படகில் ஏற முடியாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று இல்லை என்று நேரடியாகவே எழுதச் சொல்ல வேண்டும்.

கமிட்டி விசாரணை வரும்போது நான் பேசப் போகிறேன். தலைநகர் ஒலிம்பியாவுக்கு நேரில் போக வேண்டியதில்லை, ஜூமில் பேசலாம். சட்டமன்ற இணையதளத்தில் விசாரணை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு வரை பெயர் கொடுக்கலாம். பேசாமல் 'ஆதரவு' என்று மட்டும் பதிவு செய்யலாம். எழுத்து மூலம் அனுப்ப விசாரணை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம் உண்டு.

#14 செந்தில்_ரெட்மண்ட் | பிப்ரவரி 19, இரவு 10.05

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாக்குரிமை கிடையாது. நான் பேசலாமா?

#15 பிரெமர்டன்வாசி | பிப்ரவரி 19, இரவு 10.12

தாராளமாகப் பேசலாம். பெயர் கொடுக்கும் படிவத்தில் குடியுரிமை கேட்பதில்லை. நீங்களும் விற்பனை வரி கட்டுகிறீர்கள். கொச்சிப் படகில் போன அனுபவத்தையே சொல்லுங்கள், மின்சாரப் படகில் ஏறிய ஆள் அங்கே அதிகம் இருக்க மாட்டார்கள்.

#16 வாஷன் வள்ளி | பிப்ரவரி 20, காலை 6.55

நேற்று அந்தத் தம்பதியிடம் சொன்னேன். தாத்தா தானே பேசுகிறேன் என்கிறார். ஜூம் அவருக்குப் பழக்கமில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து திறந்து கொடுக்கிறேன். நண்பகல் படகு வந்த முதல் நாள் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம், அதைக் காமிராவில் காட்டலாமா என்று கேட்கிறார்.

#17 பிரெமர்டன்வாசி | பிப்ரவரி 20, காலை 7.02

கட்டாயம் காட்டச் சொல்லுங்கள் அக்கா. அவரை முதலில் பேசவிட்டு அப்புறம் நான் பேசுகிறேன். என் உரையில் கடைசிப் படகு நேரத்தையும் சேர்த்துவிட்டேன், நெடுந்தீவான் சொன்னபடி. மாலுமி அண்ணா, பயிற்சி பற்றிய பகுதியை இன்று இரவு உங்களுக்கு அனுப்புகிறேன், தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். ஜெட்டியில் கதவு திறந்துவிட்டார்கள், ஏறப் போகிறேன்.